பாடப்புத்தகத்து நோயாளி

ஆப்டிக் நியூரிட்டிஸ், அதாங்க பார்வை நரம்பு அழற்சி, எங்க வகுப்புல எப்பவும் ஒரே ஆளுக்குத்தான் வரும்: முப்பது வயசு வெள்ளைக்காரப் பெண், ஒரு கண் மங்கல், கண்ணை அசைச்சா வலி, சில வாரத்துல பார்வை திரும்பிடும். 1988-91ல அமெரிக்காவுல 457 பேரைச் சேர்த்து நடத்துன ஆய்வோட சித்திரம் இது. அதுல 85 சதவீதம் வெள்ளையர்கள். ஆய்வு அருமையானதுதான், அதையே ஊருக்கெல்லாம் அளவுகோலா வைக்கிறதுதான் எனக்கு ஒப்பலை.

சின்னப் பசங்களுக்குப் பெரும்பாலும் ரெண்டு கண்ணும் சேர்ந்தே மங்கும். ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர்கிட்ட அக்வாபோரின்-4 ஆன்டிபாடி வகை கூடுதலா இருக்கு. அதுல பார்வை மோசமா போகும், திரும்புறதும் கஷ்டம். இதுக்குப் பேரு 'வித்தியாசமான கேஸ்'. யாருக்கு வித்தியாசமாம்?

ரத்தப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளி, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்னு முடிவு கட்டி இன்டர்ஃபெரான் ஊசி போட்டா, இவங்களுக்கு நோய் இன்னும் முத்திடலாம்.