மௌனம் எதற்கு அறிகுறி?

வளரிளம் பருவத்தினருக்கான சுகாதாரக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 'கன்சென்ட்' என்ற சொல் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அகராதி மூன்று சொற்களைத் தந்தது: ஒப்புதல், இசைவு, சம்மதம். ஒப்புதலில் அரசாணை வாசனை. இசைவு பண்டிதர்களுக்கு. வீட்டில் புழங்குவது சம்மதம்தான். ஆனால் அது தனியாக வருவதில்லை. பெண் பார்க்கும் படலத்தில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணையும், 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று தீர்ப்புச் சொல்லும் பெரியப்பாவையும் கூடவே அழைத்து வருகிறது.

இதை வெறும் சொல் சிக்கல் என்று ஒதுக்க முடியவில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் 1972இல் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே பலாத்காரத்துக்கு உள்ளானாள். வயது 14க்கும் 16க்கும் இடையில். உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்றெல்லாம் காரணம் காட்டி, 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட அறிஞர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பயந்து அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. சட்டம் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல 2013 ஆயிற்று. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே ஒரு பெண் சம்மதித்ததாக ஆகாது என்று அப்போதுதான் எழுதினார்கள். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

சட்டப் புத்தகம் கற்றுக்கொண்டது. பள்ளிப் புத்தகம்? 2007இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் நிறுத்திவைத்தன. 2014இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரமம், 10 முதல் 19 வயதினருக்கான தன் ஆறு அக்கறைகளில் வன்முறைத் தடுப்பையும் சேர்த்தது. காகிதத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலானவை, 'வேண்டாம் என்று சொல், ஓடு, பெரியவர்களிடம் சொல்' என்று பெண்களிடம் பேசிவிட்டு முடிந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பையன்கள் எங்கே? மைதானத்தில்.

"பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் போக்சோ சட்டப்படி செல்லாது. செல்லாததை எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?" என்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் தோழியின் படத்தை அவளைக் கேட்காமல் நான்கு பேருக்கு அனுப்புவதும், விளையாட்டு என்று துப்பட்டாவை இழுப்பதும் பதினெட்டு வயது வரை காத்திருப்பதில்லையே.

ஹரியானாவின் நான்கு மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. சம்மதம் மட்டும் அதன் பாடமல்ல. தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மாணவர்களும் மாணவிகளும் சுமார் இரண்டரை ஆண்டுகள் ஆண்-பெண் சமத்துவம் பற்றி விவாதித்தார்கள். வகுப்புகள் முடிந்து ஈராண்டு கழித்தும் அவர்கள் பார்வையில் மாற்றம் நின்றிருந்தது. வீட்டு வேலையில் கைகொடுப்பதாகப் பையன்கள் சொன்னார்கள். அவர்களே சொன்னது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

கையேட்டில் 'சம்மதம்' என்றே வைத்தேன். கடைசிப் பயிற்சியில் மட்டும் கை வைத்தேன். 'அவள் எப்படி மறுக்க வேண்டும்?' என்றிருந்தது மூலத்தில். 'அவள் பேசாமல் நிற்கிறாள். அவன் என்ன செய்ய வேண்டும்?' என்று மாற்றினேன். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று பதிப்பாளர் கோபித்துக்கொண்டார். கேள்வியை எடுக்கச் சொல்லவில்லை.