குற்றம் கையிலா, கற்பிப்பதிலா?

காந்தி மார்க்கெட்டில் பொழுது விடியும் முன்பே பூக்கட்டும் கைகள் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. ஈரச் சாக்கின்மேல் குவிந்து கிடக்கும் மல்லிகையைச் சில சிலவாக எடுத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணியிட்டு இழுத்து முடிக்கும் அந்த வேகத்தைக் கண்ணால் பின்தொடர இயலாது. பீடத்துக்குப் பூ வாங்கச் செல்லும் வேளைகளில் நாம் கவனித்ததுண்டு: அவ்வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவர் இடக்கையால் கண்ணியிடுகிறார். வாங்குவோர் முழத்தைப் பார்க்கின்றனர், கட்டின் நெருக்கத்தைப் பார்க்கின்றனர், விலை பேசுகின்றனர். எந்தக் கை கட்டியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சந்தைக்குத் தெரிந்த இந்த நியாயம் நம் பள்ளிகளுக்குத் தெரியவில்லை, இல்லங்களுக்குத் தெரியவில்லை, ஏன், நம் மறைக்கல்வி வகுப்புகளுக்கும் தெரியவில்லை. இதுவே நமது குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

சென்ற கோடை விடுமுறையில், மார்க்கெட்டில் சுமை தூக்கியும் காய்கறி விற்றும் பிழைப்போரின் பிள்ளைகளுக்காகப் பங்கு மண்டபத்தில் பத்து நாள் கைவேலை வகுப்பு ஒன்றை நடத்தினோம். பெரிய கடை வீதியில் வாங்கிய உல்லன் நூல் உருண்டைகள், ஆளுக்கொரு குரோஷா ஊசி. நூலைச் சங்கிலியாகப் பின்னி, விவிலியத்தினுள் அடையாளமாக வைக்கும் பட்டை ஒன்றைச் செய்ய வேண்டும். அவ்வளவே பாடம். சிறுவரும் சிறுமியருமாக முப்பது பேர் வந்தனர். மூன்றாம் நாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. மாலையில் வீடு தேடிச் சென்றோம்.

குழந்தை வாசற்படியில் அமர்ந்திருந்தாள். அவளுடைய இடக்கை ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வலக்கையில் குரோஷா ஊசி. மடியில் சிக்கலாகிப்போன நூல்.

"கையை மாத்திக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க சாமி. அதான் வீட்டுல பழக்குறோம். பொம்பளப் பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகணுமே" என்றார் தாய். அவர் குரலில் கொடுமை இல்லை, அச்சம்தான் இருந்தது.

அந்தத் தாயைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கில்லை. அதற்கு முந்திய ஆண்டு புதுநன்மை வகுப்பில் இதே குழந்தை இடக்கையால் சிலுவை அடையாளம் வரைந்தபோது, மற்றப் பிள்ளைகள் முன்னிலையில், "அந்தக் கை வேண்டாம்" என்று அதட்டியவர் நாமே. அந்தத் துண்டின் முதல் முடிச்சை நாமே போட்டிருந்தோம்.

மறுநாள் விடியலில் பூக்கட்டும் மூதாட்டியிடம், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். "எங்கம்மாதான் சாமி. அவங்களுக்குச் சோத்தாங்கைதான். ஆனா என்னைப் பக்கத்துல உட்கார விடமாட்டாங்க. எதிர்ல உட்காரச் சொல்லுவாங்க. கண்ணாடியைப் பார்த்துச் செய்யிற மாதிரி செஞ்சேன்" என்றார். அன்றே நம் கைவேலை ஆசிரியை சிறுமியை எதிரே அமர்த்திக்கொண்டார். மாலைக்குள் அவள் ஒரு முழச் சங்கிலி பின்னிவிட்டாள். மாற வேண்டியிருந்தது அவளுடைய கையன்று, ஆசிரியையின் இருக்கை.

இதிலுள்ள நுட்பம் எளிது. வலக்கைப் பழக்கமுடையவர் ஊசியை வலக்கையில் பிடித்து, நூலை இடக்கைச் சுட்டுவிரலின்மேல் ஓட்டி, வரிசையை வலமிருந்து இடமாகப் பின்னுகிறார். இடக்கைப் பழக்கமுடையவர் ஊசியை இடக்கையில் பிடித்து, இடமிருந்து வலமாகப் பின்னுகிறார். பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் இடக்கைக் குழந்தைக்கு எல்லாமே முரணாகத் தோன்றும். எதிரே அமர்ந்தால், ஆசிரியரின் ஊசி அசையும் அதே பக்கத்தில் தன் ஊசியும் அசைவதைக் காண்பாள். பாடநூற் படத்தையும் கண்ணாடியில் காட்டினால் போதும், படம் அவளுக்குரியதாகிவிடும்.

கருவியின் மீதும் பழிபோட இயலாது. சாதாரணக் கத்தரிக்கோல் வலக்கைக்கென்றே செய்யப்பட்டது. இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகி நூலை மடக்குமேயன்றி வெட்டாது. குரோஷா ஊசியின் கொக்கிக்கோ வலமும் தெரியாது, இடமும் தெரியாது. இரும்புத் துண்டுக்கு இல்லாத ஓரவஞ்சனை அதைக் கற்பிக்கும் மனிதருக்கு எங்கிருந்து வந்தது?

இயற்கை இதில் என்ன சொல்கிறது? உலக மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர். முப்பது பிள்ளைகள் கூடும் வகுப்பில் மூவரை எதிர்பார்க்கலாம். பெல்பாஸ்ட் நகர ஆய்வாளர்கள், கருவிலிருக்கையில் பெருவிரல் சூப்பிய குழந்தைகளை ஒலியலைப் படத்தில் கண்டு, அவர்களுள் 75 பேரைப் பின்னாளில் மீண்டும் ஆராய்ந்து 2005 இல் முடிவை வெளியிட்டனர். கருவில் வலப் பெருவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கத்தினராகவே வளர்ந்திருந்தனர். இடப் பெருவிரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைப் பழக்கத்தினர். கைப்பழக்கம் பெரும்பாலும் பிறக்குமுன்பே தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். தாயின் கருவில் இறைவன் தம்மை உருவாக்கியதை எண்ணி வியக்கும் திருப்பாடல் 139 இல், எபிரேய மூலத்தின் வினைச்சொற்களுள் ஒன்று பல வண்ண நூலால் பூவேலை செய்வதைக் குறிப்பது. அவர் பின்னியதைப் பிரித்துப் பின்ன நாம் யார்?

சிலர் விவிலியத்தையே துணைக்கு அழைப்பர். வெள்ளாடுகள் இடப்பக்கம் நிறுத்தப்படவில்லையா என்பர். இறுதித் தீர்ப்பின் அந்தக் காட்சியை முழுமையாகப் படிக்கட்டும். பசித்தவருக்கு உணவளித்தோமா என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி. எந்தக் கையால் அளித்தோம் என்பதன்று. அறிவிலியின் உள்ளத்தை இடப்பக்கத்தோடு சேர்த்துப் பேசும் சபை உரையாளரின் மொழியும் உருவகமே. அது குழந்தையின் கையைக் கட்டுவதற்கான சட்டமன்று. அதே விவிலியம், இஸ்ரயேலை விடுவித்த ஏகூது இடக்கைப் பழக்கமுடையவர் என்று நீதித் தலைவர்கள் நூலில் வெளிப்படையாகச் சொல்கிறது. மயிரிழையும் தவறாமல் கவண் எறிந்த இடக்கையர் எழுநூறு பேரையும் அந்நூல் குறிப்பிடுகிறது. அவர்கள் அனைவரும் பென்யமின் குலத்தினர். பென்யமின் என்னும் பெயருக்கோ, வலக்கையின் மகன் என்று பொருள்! இறைவாக்கின் இந்தப் புன்னகையை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

"ஊர் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே?" என்பர் வேறு சிலர். இருக்கிறது; அதை நாம் மறுக்கவில்லை. பெரியவர்க்கு ஒன்றை வலக்கையால் நீட்டுவதும், பந்தியில் வலக்கையால் உண்பதும் மரியாதையின் மொழி. அம்மொழியைக் குழந்தைக்கு அன்போடு சொல்லித் தரலாம். சிலுவை அடையாளத்தையும் அவ்வாறே, அதட்டாமல் சொல்லித் தரலாம். ஆனால் மரியாதை வேறு, திறமை வேறு. ஊசிக்கும் எழுதுகோலுக்கும் யாரும் வணக்கம் செலுத்துவதில்லை. அந்தக் கைக்கு நம் ஊர் சூட்டியிருக்கும் இழிபெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை அழைப்பதில் எந்தப் பண்பாடும் இல்லை.

முத்துக்குளித்துறையில் வலம்புரிச் சங்கு கிடைத்தால் எத்துணை மகிழ்ச்சி! பல்லாயிரத்தில் ஒன்று என்று போற்றுகிறோம். உயிரியலார் அதே சங்கை இடச்சுழி என்று வகைப்படுத்துகின்றனர். அவர்கள் சங்கைப் பிடித்துப் பார்க்கும் வாக்கு வேறு. பிடிக்கும் வாக்கு மாறினால் வலம் இடமாகிறது. அரிய சங்கைப் பேழையில் வைக்கத் தெரிந்த நமக்கு, பத்தில் ஒரு குழந்தையை மடியில் வைக்கத் தெரியவில்லை.

"பொழுதுபோக்குக் கைவேலைக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். 1819 இன் இறுதியில் கணவர் சார்லசுடன் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார், அங்குப் பெண் குழந்தைகளுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைகளாயிருந்த சிறுமியர் அந்த வருவாயைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினர். அம்மையார் நம் திருச்சபையினர் அல்லர். எனினும் நன்மையை நன்மையென்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. 1897 இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரிய லூயிசா தெ மீஸ்தரும் அவர்தம் சகோதரிகளும் ஆதரவற்ற சிறுமியரை ஏற்று, அவர்கள் கையிலும் நூலைக் கொடுத்தனர். ஒரு காலத்தில் அடிமைக் கட்டை அவிழ்த்த நூல் அது. அதே நூலைக் கற்கும் பெயரால் இன்று ஒரு குழந்தையின் கை கட்டப்படுகிறது என்றால், நாம் முன்னேறியிருக்கிறோமா, பின்வாங்கியிருக்கிறோமா?

நம் மார்க்கெட் தாங்கி நிற்கும் பெயருக்குரியவரும் இதில் நமக்கு ஆசிரியர். 1937 இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியை முன்வைத்தவர் காந்தியடிகள். நமக்கு முந்திய தலைமுறையினர் ஆதாரப் பள்ளிகளில் தக்ளி சுழற்றி நூல் நூற்றது அதன் விளைவே. அவரே 1909 நவம்பரில், இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகையில், 'இந்திய சுயராஜ்யம்' நூலின் கையெழுத்துப் படியில் ஏறக்குறைய 40 பக்கங்களை, வலக்கை சோர்ந்தபோது, இடக்கையால் எழுதினார். அந்தப் பக்கங்களின் கருத்து மட்டும் குறைந்துபோயிற்றா?

ஆகவே பெற்றோரையும் ஆசிரியரையும் மறைக்கல்வி கற்பிப்போரையும் கேட்டுக்கொள்கிறோம். முதல் நாளிலேயே ஊசியைப் பிள்ளையின் முன் தரையில் வையுங்கள். அது தானாக எந்தக் கைக்குப் போகிறது என்று பாருங்கள். இரண்டொரு நாள் ஊசியின்றி, வெளிர்நிறத் தடித்த நூலால், விரலைக் கொண்டே சங்கிலி பின்னச் செய்யுங்கள். 'வலக்கை', 'இடக்கை' என்று சொல்லாதீர்கள்; 'ஊசிக் கை', 'நூல் கை' என்று சொல்லுங்கள். ஒரே சொல்லில் முப்பது பிள்ளைகளும் அடங்குவர். ஒருவரும் தனித்து நிற்கமாட்டார். பின்னுவது வட்டப் பூவாயின், மற்றவர் பூ கடிகார முள்ளுக்கு எதிராகவும் இவர் பூ முள்ளின் திசையிலும் வளரும், பிழையென்று பிரிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே அமருங்கள். பக்கத்தில் அமர்பவருக்குப் பிள்ளையின் கை மட்டுமே தெரியும். எதிரே அமர்பவருக்கு முகமும் தெரியும்.

அந்தச் சிறுமியின் பட்டை இப்போது நம் திருப்பலி வாசக நூலில் கிடக்கிறது. ஞாயிறுதோறும் அதை விலக்கித்தான் நற்செய்தியைப் படிக்கிறோம். எந்தக் கை பின்னியது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு மட்டும் ஓராண்டு பிடித்தது.