‘மளை’ என்றால் குற்றமா?

‘தமிழனுக்குத் தமிழ் என்ற சொல்லே வாயில் நுழையவில்லை’ என்று மேடையில் சொன்னால் இன்றும் கைதட்டல் கிடைக்கிறது. சிவகாசிப் பக்கத்துப் பேச்சில் ‘மளை’, ‘கோளி’ எனக் கேட்டுவிட்டால் நகைப்பு இரட்டிப்பாகிறது. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களான நாங்கள் இதைக் கேட்டுச் சலித்துவிட்டோம்.

நகைப்பவர்களை ஒன்று கேட்கிறோம். மரம், மறம் இரண்டையும் நீங்கள் வேறுபடுத்தி ஒலிக்கிறீர்களா? நகரத்துக்கும் னகரத்துக்கும் உங்கள் நாவில் வேறுபாடு உண்டா? வடமொழியில் இல்லாமல் தமிழுக்கே உரியவை என நன்னூல் எண்ணும் எழுத்துகளில் ழகரத்தோடு றகரமும் னகரமும் உள்ளன. பின்னவை இரண்டின் தனியொலியையும் தமிழரில் பெரும்பாலோர் இழந்தாயிற்று. அதற்காக எவரும் வெட்கப்படவில்லை. ழகரத்தைத் தென்மாவட்டத்தார் இழந்தால் மட்டும் அது நாக்குற்றமாம். இது இலக்கணமன்று, மேட்டிமை.

ழகரம் அரிய ஒலி என்பதை மறுக்கவில்லை. ஆனால் தமிழின் ஏகபோகமன்று. மலையாளிகள் அதை நம்மில் பலரைவிடத் தெளிவாக ஒலிக்கிறார்கள். சீனத்தின் மாண்டரினிலும் அதற்கு நெருங்கிய ஒலி உண்டு. தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகுடம் எதுவும் சூட்டவில்லை. பழங்கன்னடத்தில் இவ்வொலிக்குத் தனி எழுத்தே இருந்தது. ஒலி மறைந்தது, எழுத்தும் வழக்கொழிந்தது. இன்று கன்னடர் ‘மளெ’ என்கிறார், ‘கோளி’ என்கிறார். பம்பனின் மொழி பாழாயிற்று என்று அங்கே யாரும் மாரடிப்பதில்லை.

கரிசலில் தெலுங்கு பேசுவோர் மிகுதி, அதனால் வந்த கேடு இது என்பாரும் உளர். தெலுங்கில் ஏழு ‘ஏடு’, கோழி ‘கோடி’. அங்கே இருப்பது டகரம். ளகரம் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ளகரம்தானே, அதற்கு யாரைப் பழிப்பது?

திருப்பாவையின் நான்காம் பாசுரம் மழை வேண்டுவது; எட்டடிகளில் பதினொரு ழகரங்கள். அது பிறந்த திருவில்லிபுத்தூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதை ளகரமாகப் பாடியதற்காக வடபத்ரசாயி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. சிவகாசி நாட்காட்டிகளில் ‘மார்கழி’ என்று பிழையின்றி அச்சிடுபவர்களும் ‘மார்களி’ என்று பேசுபவர்களே.

செய்தி வாசிப்பவருக்கும் பாடகருக்கும் ழகரத்தைப் பயிற்றுவியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆறாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, ‘வாழைப்பழம்’ சொல்லவைத்து, வகுப்பையே சிரிக்கவைப்பதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை மறுநாள் விடை தெரிந்திருந்தும் கை தூக்குவதில்லை.