புளி போட்டு மினுக்காதீங்கோ

"சேர், இது எந்தக் காலத்துக் காசு?" வளவு கொத்தும்போது எடுத்ததாம் என்று மாணவன் ஒருவன் செப்புக்காசொன்றைத் தந்தான். தாயார் புளி போட்டு மினுக்கியதில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பக்கத்து ஆனைக்கோட்டையில் 1980இல் பேராசிரியர் இந்திரபாலா தலைமையிலான யாழ் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த முத்திரை மிகச் சிறியது. மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்து. அது பெருங்கற்காலப் புதைகுழியில், எலும்புக்கூட்டோடு கிடந்ததைப் பதிவு செய்தபடியால்தான் இன்றும் எங்கள் வரலாற்றுக்குச் சாட்சி சொல்கிறது. தனியே ஒருவர் கையில் கிடைத்திருந்தால் வெறும் பழைய துண்டுதான்.

எனவே உறவுகளே, பழைய பொருள் ஏதும் கிடைத்தால் தேய்க்க வேண்டாம், பழைய இரும்புக்காரருக்கும் கொடுக்க வேண்டாம். கிடந்த இடத்தோடு படமெடுத்து, எவ்வளவு ஆழம் என்று குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. காசு மினுங்காவிட்டால் பரவாயில்லை, பேசினால் போதும்.