ஆகாயத்தின் அஞ்சறைப் பெட்டி

உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால், நீலமாக எரியும் காஸ் ஜ்வாலை சட்டென்று மஞ்சளாகிறதே, கவனித்திருக்கிறீர்களா? உப்பிலுள்ள சோடியம் செய்கிற வேலை அது. சிவகாசி மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால் வருவது, பச்சை, பேரியத்தால். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒளியில் ஒரு தனிக் கையெழுத்து உண்டு.

ஆகாயத்திலும் இதே வித்தைதான். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கரிசல் வெளியில், தை மாத இரவில் அண்ணாந்து பாருங்கள். திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் சற்றுத் தெற்கே மங்கலாக ஒரு புகைத் திட்டு. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் மேகம் அது. உள்ளே பிறந்த இளம் நட்சத்திரங்களின் உக்கிரமான கதிர்கள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிவதால், அங்குள்ள வாயு ஒளிர்கிறது.

அந்த வாயுவில் எந்தச் சரக்கு எவ்வளவு? கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். சூடு கொஞ்சம் கூடினாலும் அந்த ஒளி வெகுவாகக் கூடிவிடும். பால் பொங்குவதைப் பார்த்து, பாலே கூடிவிட்டது என்று நினைப்பது போலத்தான்! அதோடு, ஓர் எலெக்ட்ரானை இழந்த நியான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தலைகாட்டுவதே இல்லை. 12.8 மைக்ரான் அலைநீளத்தில், அகச்சிவப்புக் கதிராகத்தான் வெளிப்படுகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஒளிராவிட்டாலும் அனல் கையில் உறைக்கிறதே, அந்த ஜாதிக் கதிர். அது சூட்டின் ஏற்றத்தாழ்வுக்கு அவ்வளவாக அசைவதில்லை. தூசியையும் ஊடுருவி வரும். அதன் பிரகாசத்தை ஹைட்ரஜனின் பிரகாசத்தோடு ஒப்பிட்டால், இத்தனை ஹைட்ரஜனுக்கு இவ்வளவு நியான் என்று கணக்கிட்டுவிடலாம்.

ஒரு சங்கடம்: நம் காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களில் பலவற்றை விழுங்கிவிடும். அதனால்தான் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், 1 மீட்டர் தொலைநோக்கியைப் பலூனில் கட்டி ஹைதராபாத்திலிருந்து மேலே அனுப்பினார்கள். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளின் நிறமாலைக் கருவியோடு பறந்த அது, ஓரியன் பகுதியில் எலெக்ட்ரான் இழந்த கார்பன் வீசும் 158 மைக்ரான் கதிரைப் படம்பிடித்தது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? நம் பால்வீதியின் மையத்தைத் தூசி மறைக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களால் அங்கும் அளந்தபோது, மையத்தை நெருங்க நெருங்க இத்தனிமங்கள் மிகுதி, விளிம்பில் குறைவு என்று உறுதியாயிற்று. நட்சத்திரங்கள் அதிகமாகப் பிறந்து மடிந்த இடத்தில் சரக்கும் அதிகம். கரிசல் கம்பிலுள்ள இரும்பும், நம் எலும்பிலுள்ள கால்சியமும் அப்படி மடிந்த நட்சத்திரங்கள் சமைத்து வைத்துப் போனவைதான்.