மர ஓடு அழகுதான், ஆனால்...

போன வருஷம் கோடையில் வான்கூவர் பக்கத்தில் பெண் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். வீட்டுக் கூரையை மாற்ற வேண்டிய நேரம். இருந்தது செடார் மரத்தில் செய்த ஓடு; போட்டு 25 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுபடி மரமே போடலாம் என்றார் மாப்பிள்ளை. வேண்டாம் என்றேன் நான். பெண் கொடுத்த இடத்தில் வாய் திறக்கலாமா என்று என் மனைவி கண்ணால் அதட்டினாள்.

இந்த மர ஓட்டில் இரண்டு ஜாதி. ஷிங்கிள், ஷேக். (ஷேக் என்றதும் ஏதோ குடிக்கிற சமாசாரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.) ஷிங்கிள் என்பது ரம்பத்தில் அறுத்தது, வழவழப்பாக, ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து இருக்கும். ஷேக் என்பது பிளந்தது. மரத்துண்டை நிறுத்தி, நீள அலகுள்ள கத்தியை மேலே வைத்துக் கட்டையால் அடித்தால், நாம் விறகு பிளப்பதுபோல் நாரோடு பிளந்து வரும். ரம்பம் நாரை வெட்டிவிடும். பிளவு நாரின் வழியே போகும். அதனால் ஷேக் தடிமனாக, சொரசொரப்பாக, கூரைமேல் ஆழமான நிழல் காட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கடற்கரைப் பழங்குடிகள் இந்த மரத்தைப் பலகையாகப் பிளந்து வீடு கட்டியவர்கள். நேரான நார், லேசான எடை, சுலபத்தில் மக்காத வைரம். மரத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வேய்கிற முறை கீற்று வேய்ந்தவனுக்குச் சட்டென்று புரியும். கீழே தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி வரிசை வரிசையாக ஏறுவார்கள். 18 அங்குல ஷிங்கிளில் ஐந்தரை அங்குலம்தான் வெளியே தெரியும். மீதி மேல்வரிசைக்கு அடியில். எங்கே தொட்டாலும் மூன்று அடுக்கு. பக்கத்துப் பக்கத்து ஓடுகளுக்கு நடுவில் சின்ன இடைவெளி விடுவார்கள், ஈரத்தில் மரம் ஊதுமே. அந்தச் சந்து மேல்வரிசைச் சந்துக்கு நேராக வரவே கூடாது. வந்தால் ஒழுகும்.

சரி, இவ்வளவு மெச்சிவிட்டு ஏன் வேண்டாம் என்றேன்?

எனக்குப் பத்து வயதிருக்கும். சித்திரை மாதம், எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி அடுப்பிலிருந்து கூரை பற்றிக்கொண்டது. நடுவில் இருந்த இரண்டு வீடுகளையும் விட்டுவிட்டு, காற்றில் பறந்து வந்த கங்கு ஒன்று எங்கள் கூரையில் விழுந்தது. அப்பா கிணற்றடியிலிருந்து ஈரச் சாக்கோடு ஓடிவந்து ஏறினார். பாதிக் கூரைதான் மிஞ்சியது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் கூரைத் தீயில் 94 பள்ளிக் குழந்தைகள் போனபோது, அந்தச் சாக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மர ஓட்டின் கதையும் இதேதான். 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெல் ஏர் பகுதியில் 484 வீடுகள் எரிந்தன. எரிகிற ஓடுகளே காற்றில் பெயர்ந்து பறந்து அடுத்த தெருவைக் கொளுத்தின. அந்த ஊர் மரக்கூரையைத் தடை செய்தது 1989இல். இடையில் 28 வருஷம்! அழகு, விலை, பழக்கம் என்று யாராவது வாதாடிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மாப்பிள்ளை படித்தவர், பதில் வைத்திருந்தார். "மாமா, இப்போ தீத்தடுப்பு மருந்து ஏத்தின ஓடு வருது. அடியில அதுக்கான விரிப்பும் போட்டா ஏ வகுப்புச் சான்றே கிடைக்கும்." உண்மைதான். வருஷத்தில் முக்கால்வாசி மழை பெய்கிற ஊரில் தீயைப் பற்றி என்ன பேச்சு என்றும் கேட்டார். அதே மாகாணத்தில்தானே, 2021 ஜூன் 29 அன்று லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி அடித்து, மறுநாள் ஊரே எரிந்து போனது? அவர் தெருவில் மருந்தேற்றாத பழைய ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சந்துகளில் பாசியும் காய்ந்த ஊசியிலையும் அடைந்து கிடக்கின்றன. சுவர் நம்முடையது. கூரை தெருவுக்கும் சொந்தம். என் வீட்டுக் கங்கு பக்கத்து வீட்டுக் குழந்தையின் தலைக்கு மேல் விழலாம் என்றால், அழகு என் சொந்த விஷயம் இல்லை என்பது என் கட்சி.

கடைசியில் என் பெண்தான் தீர்த்து வைத்தாள். மேலே உலோகத் தகடு. வாசல் திண்ணைப் பக்கச் சுவரில் மட்டும், மருந்தேற்றிய ஷிங்கிள். பழைய ஓட்டைப் பிரித்தபோது நானும் கீழே நின்று பார்த்தேன். வெயில் பட்ட பகுதி சாம்பல் நிறம். மூடிக்கிடந்த பகுதி சிவப்பு மாறாமல், பென்சில் சீவியதுபோல் வாசனை.

மழைக்காலம் வந்ததும் மாப்பிள்ளை போன் செய்தார். தகட்டின்மேல் மழைச் சத்தம் ராத்திரி தூங்கவிடவில்லையாம். எங்கள் தெருவில் தகரக் கொட்டகையில் குடியிருந்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் தூங்கினார்கள் என்றேன். மறுமுனையில் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.