ஸ்கோப்பும் மறுவீட்டுச் சொதியும்

தீபாவளிக்குப் புனேயில் இருந்து மச்சினன் வந்திருந்தான். ஹிஞ்சேவாடியில் பொட்டி தட்டுகிறான். வந்ததில் இருந்து ஒரே புலம்பல். "அத்தான், இந்த கிளையண்ட் ஆளுங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாது. எல்லாம் முடிச்சுக் கொடுத்த பிறகு இது இல்ல, அது இல்லம்பாங்க. ஸ்கோப்ல இல்லைன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. அதுலயும் இந்த பேங்க்காரன் இருக்கானே..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான் :-)

வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் பாதிப் பேர் ஆணி பிடுங்குகிறார்கள், மீதிப் பேர் அந்தப் புலம்பலைக் கேட்கிறார்கள். கிளையண்ட் பக்கத்தில் இருந்து யாரும் பேசுவதில்லை. பி.காம். முடித்துவிட்டு மும்பையில் இருபது வருஷமாக பேங்கில் குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதியில் நான் பேசுகிறேன். இரண்டு பக்கத்தையும் திட்டத்தான் போகிறேன்.

முதலில் ஒரு கல்யாணக் கதை. சித்தப்பா மகள் கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தது. சமையல் காண்ட்ராக்டர் கொடுத்த லிஸ்டில் "மறுநாள் மதியச் சாப்பாடு, 120 இலை" என்று இருந்தது. திருநெல்வேலிக்காரனுக்கு மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். தேங்காய்ப்பால் மணக்க, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியோடு. அந்த மனுஷன் வெண்டைக்காய் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டார். சித்தப்பா குதித்தார்: "இதைக்கூடவா எழுதிக் கொடுக்கணும்?" அவர் நிதானமாக, "லிஸ்ட்ல சாப்பாடுன்னுதானே சார் இருக்கு" என்றார். 120 இலைக்குத் தேங்காய்ப்பால் எடுக்க என்ன செலவாகும் என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

எங்கள் பேங்கில் நடந்ததும் இதேதான். 2019 ஏப்ரலில் நகைக்கடனுக்குப் புது மென்பொருள் வந்தது. நான் அப்போது தலைமை அலுவலகத்தில், "பயனர் துறை" என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்தேன். எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதி, கையெழுத்துப் போட்டு, மென்பொருள் கம்பெனிக்குக் கொடுக்கும் வேலை. 180 பக்க ஆவணம். அதில் கடனை முடிப்பது பற்றி ஒரே ஒரு வரி: "கடன் முடிந்தவுடன் நகைகளைத் திருப்பித் தருதல் முதலியன."

அந்த "முதலியன" இருக்கிறதே, அதை நாங்கள் வேண்டுமென்றேதான் போட்டோம். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் வேலை. விலையும் முன்கூட்டியே முடிவான ஒரே தொகை. அதனால் வார்த்தையைத் தளர்வாக விட்டு வைத்தால் பிற்பாடு எதைக் கேட்டாலும் "இது அதில் அடக்கம்" என்று வாங்கிவிடலாம் என்பது எங்கள் பெரியவர்களின் சாமர்த்தியம். கம்பெனிக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? கட்டுப்படியாகாத விலையைச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் சி.ஆர். போட்டு (சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது தனி பில்) ஈடுகட்டிக் கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. எதிராளியை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு கை குலுக்கினார்கள்.

நகைக்கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். மூன்று உருப்படி வைத்திருப்போம், பாதிக் காசு கட்டி ஒன்றை மட்டும் திருப்புவோம். எங்கள் கிளைகளில் காலங்காலமாக நடப்பது. புது மென்பொருளில் அதற்கு வழியே இல்லை. "நகைக்கடன் என்றால் இது இருக்காதா, இதைக்கூடவா எழுதணும்?" என்றோம் நாங்கள். "ஸ்கோப்பில் கடன் முடிந்தவுடன் என்றுதானே இருக்கிறது, இது சி.ஆர்." என்றார்கள் அவர்கள். சொதிச் சண்டை ஆறு மாதம் ஓடியது.

அந்த ஆவணியில் ஒரு கிளைக்கு நம்மூர்ப் பெண்மணி ஒருவர் வந்தார். இட்லி வியாபாரம். ஊரில் தம்பி மகள் கல்யாணம், வெறுங்கழுத்தோடு போக முடியாது. 80,000 ரூபாய் கடனில் 35,000 கட்டி, வளையல்களை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் கேட்டார். சிஸ்டம் விடாது, முழுக்கடனையும் அடைத்துவிட்டு வளையல்களை மறுபடி வைக்கச் சொன்னார்கள். மீதி 45,000 மற்றும் வட்டிக்கு அவர் எங்கே போவார்? கந்துக்காரரிடம் ஒரே ஒரு நாளைக்கு வாங்கினார். அந்த ஒரு நாளுக்கு வட்டி. மறுபடி வைக்கும்போது நகையை உரசிப் பார்க்கிறவருக்கு இரண்டாம் தடவை கூலி. எங்கள் இரண்டு தரப்பின் சாமர்த்தியத்துக்கும் பணம் கட்டியது அவர்தான். அந்தக் கிளையின் ஆபீசர் இதை போனில் சொல்லிவிட்டுக் கேட்டார்: "சார், அதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தாணே ஃபாஸ்ட் லோக்கலைப் பிடிக்கிற அவசரத்தில்.

எழுதியவர்களில் சமீபத்தில் கவுண்டரில் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து. கம்பெனியில் இருந்து வந்த பையன் ஒரு கிளையில் ஒரு நாள், ஒரே நாள், உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் அனுப்பவும் இல்லை. சோதித்துப் பார்க்கக் கிளை ஆட்களைக் கூப்பிட்டதோ மார்ச் மாதம்! வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் எந்த மேனேஜர் ஆள் அனுப்புவார்? வந்த இரண்டு பேரும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு ஓடினார்கள்.

என்ன செய்ய மாட்டோம் என்பதையும் ஆவணத்தில் எழுத வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. பாதி மீட்பு கிடையாது என்று ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் எந்த கிளார்க்கும் அன்றைக்கே கத்தியிருப்பார். சண்டை பேப்பரிலேயே முடிந்திருக்கும்.

இரண்டு பேருமே கேட்காத மாற்றமும் வரும். 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி, விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பை 2021 மார்ச் 31 வரை 90 சதவீதம் ஆக்கியது. எங்கள் மென்பொருளில் 75 என்பது ஆணியடித்து வைத்திருந்தது. மறுபடி சி.ஆர்., மறுபடி சண்டை. ரிசர்வ் வங்கி விதியை மாற்றும் என்பது எங்கள் தொழிலில் மழைக்காலம் வரும் என்பது மாதிரி. வருஷத்துக்கு இத்தனை ஆள்-நாள் இதற்கென்று விலை பேசி முதலிலேயே ஒதுக்கினால் கம்பெனிக்கும் நஷ்டமில்லை. சின்ன மாற்றங்களை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்ய இரண்டு பக்கமும் ஒரு ஆளுக்கு அதிகாரம் கொடுக்கலாம். எங்களிடம் அதற்குக்கூட கமிட்டி.

இதையெல்லாம் சொன்னதும் மச்சினன் கேட்டான், "அந்தப் பாதி மீட்பைச் சரி பண்ண எத்தனை நாள் ஆச்சு அத்தான்?" பில்லில் நான்கு ஆள்-நாள் என்று போட்டிருந்தார்கள். ஆறு மாதச் சண்டைக்கு நான்கு நாள் வேலை. "அதுலயும் ரெண்டு நாள் சும்மா போட்டிருப்பாங்க" என்றான் சிரிக்காமல்.

இப்போது அடுத்த டெண்டர் வரைவு என் மேஜையில் இருக்கிறது. மூன்று இடத்தில் "முதலியன". மூன்றையும் சிவப்பில் அடித்து மேலே அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே வார்த்தை: "இருக்கட்டும்".